ஊதா வானமும் மாமாவின் வலக்கண்ணும்

பதினேழு வருடமாகப் பள்ளிக்கூடத்தில் புவியியல் படிப்பிக்கிறேன். வடகீழ்ப் பருவக்காற்று எங்கிருந்து புறப்படுகிறது, தென்மேல் பருவக்காற்று மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு மட்டக்களப்புக்கு வரும்போது ஏன் வெறுங்கையோடு வருகிறது என்பதையெல்லாம் கரும்பலகையில் அம்புக்குறி போட்டு விளக்குவேன். அப்படிப்பட்ட நான் போன ஓகஸ்ட் விடுமுறை முழுவதையும், எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு நாட்டில் மழை பெய்விப்பதில் செலவழித்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

அந்த நாடு ஒரு கணினி விளையாட்டுக்குள் இருக்கிறது. டிராகன்கள், வாள்கள், மந்திரவாதிகள், பனிமலைகள் எல்லாம் உள்ள பெரிய கற்பனை நாடு. மற்றவர்கள் அதற்குள் போனால் டிராகனைக் கொல்வார்கள். நான் போய் வானத்தை அண்ணாந்து பார்த்தேன். மேகங்கள் அட்டையில் வெட்டி ஒட்டியவை போல இருந்தன. மரங்கள் காற்றில் வளைந்து ஆட, மழை மட்டும் காற்று என்று ஒன்று இருப்பதே தெரியாமல் கோடு போட்டதுபோல நேராக விழுந்தது. இதை ஒரு புவியியல் ஆசிரியர் எப்படிப் பொறுத்துக்கொள்வது? அன்றோடு டிராகனை மறந்துவிட்டேன்.

இந்த விளையாட்டை விரும்புகிறவர்கள் பல நாடுகளில் இருந்தபடி அதற்குத் திருத்தங்கள் செய்து இணையத்தில் இலவசமாகப் போடுகிறார்கள். மொட் என்று பெயர். காலநிலையை மாற்றுகிற மொட் இருக்கிறது, வெளிச்சத்தை மாற்றுகிற மொட் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் நீண்ட விளக்கமும் இருக்கிறது. நான் இறக்கிய முதல் காலநிலை மொட்டின் விளக்கத்தில், காலநிலையை மாற்றும் வேறு எந்த மொட்டோடும் இதைச் சேர்க்க வேண்டாம் என்று தடித்த எழுத்தில் முதல் வரியிலேயே போட்டிருந்தார்கள். வினாத்தாளின் அறிவுறுத்தலை வாசிக்காமல் விடை எழுதுகிற பிள்ளைகளைப் பதினேழு வருடமாக ஏசி வருகிறவன் நான். அந்த வரியை வாசித்தேன். அது வேறு யாருக்கோ எழுதியது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்றில் மழை நன்றாக இருந்தது. இன்னொன்றில் மேகம் நன்றாக இருந்தது. மூன்றாவதில் இடி. மூன்றையும் போட்டால் மூன்றும் கிடைக்கும் என்பது என் கணக்கு. அதற்கு மேல் வீட்டுக்குள் இருக்கும் வெளிச்சத்துக்கு ஒரு மொட், வெளியில் இருக்கும் வெளிச்சத்துக்கு இன்னொரு மொட்.

இந்த வேலையின் நடுவில்தான் மாமா வந்து சேர்ந்தார்.

மாமா என்றால் என் மனைவியின் அப்பா. கதிரவெளியில் கடற்றொழில் செய்கிறவர். இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, முதலில் வலது கண்ணுக்கு ஒப்பரேஷன் செய்து லென்ஸ் வைத்திருந்தார்கள். மூன்று கிழமை வெயிலில் போகக்கூடாது, தூசு படக்கூடாது, குனியக்கூடாது, கண்ணில் தண்ணீர் படக்கூடாது. கதிரவெளியில் இவற்றில் ஒன்றையாவது செய்யாமல் அவரால் அரை நாள் இருக்க முடியாது. அதனால் மனைவி அவரை வாவிக்கரையில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். மகள் விடுமுறைக்குக் கொழும்புக்குப் போயிருந்ததால் அவளுடைய அறையை அவருக்குக் கொடுத்தோம். வெளியே கச்சான் காற்று நெருப்பாக வீசி, வாசல் மணலை அள்ளி வீட்டுக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. மணல் புகாத ஒரே அறை அதுதான். என் கணினி இருந்ததும் அங்கேதான்.

மாமாவுக்கும் எனக்கும் சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை பிடிக்கிற அளவுக்கு நாங்கள் கதைத்ததில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என்னை ஊரார் கூப்பிடுவதுபோல ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவைகூட மருமகன் என்று சொன்னது கிடையாது. “சாப்பிட்டாச்சா மாஸ்டர்?” “ஓம் மாமா.” இவ்வளவுதான் பதினாறு வருடக் கதை. கையால் ஒரு வேலையும் செய்யத் தெரியாத மனுசன் என்று என்னைப் பற்றி நினைக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அது பிழை என்று நிரூபிக்க எனக்கு இதுவரை ஒரு சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

மனைவி காலையில் அலுவலகத்துக்குப் போகும்போது என்னிடம் ஒப்படைத்தது ஒரே ஒரு வேலை. “இஞ்சேருங்க, நாலு தரம் மருந்து விடணும். அப்பாவ வெளியில போக விட்டிராதீங்க. அவ்வளவுதான்.”

இரண்டாம் நாள், கட்டிலில் சாய்ந்தபடி என் முதுகுக்குப் பின்னால் இருந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமா கேட்டார்.

“மாஸ்டர், இது என்ன வேல?”

“இந்த நாட்டுக்குக் காலநிலை செய்யிறன் மாமா.”

“நீங்களா?”

“ஓம் மாமா. மழை, வெயில், வெளிச்சம் எல்லாம் நான்தான்.”

அந்த “நீங்களா?”வில் கொஞ்சம் மரியாதை இருந்ததாக எனக்குப் பட்டது. அந்தக் கொஞ்சம் என்னைக் கெடுத்துவிட்டது.

மூன்றாம் நாள் காலை, ஐந்து மொட்டுகளையும் சேர்த்து விளையாட்டைத் திறந்தேன். மதிய நேரம். வானம் ஊதா நிறம். பழுத்த கத்தரிக்காயின் ஊதா. மனிதர்களுக்கு நிழல் இல்லை, நிழல்களுக்கு மனிதர்கள் இல்லை. பக்கத்தில் இருந்த மதுக்கடைக்குள் என் ஆளைக் கொண்டுபோனேன். அங்கே கூரைக்குக் கீழே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அடுப்பில் நெருப்பு எரிந்தது, மழையும் பெய்தது, மேசையில் இருந்தவர்கள் ஒன்றும் நடக்காததுபோலக் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

முன் விறாந்தைக்கு ஓடிவந்து, கணினியை எனக்கு விற்ற ஓட்டமாவடிக் கடைக்காரருக்கு ரகசியமாக போன் எடுத்தேன். கிராஃபிக்ஸ் கார்ட் பழுது என்று குற்றம் சாட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“சேர், கார்ட் பழுதெண்டா படமே வராது. வீட்டுக்குள்ள மழை பெய்ய வைக்கிற சாமான் எங்கட கடையில இல்ல சேர்.”

திரும்பி அறைக்குள் வந்தபோது மாமா கட்டிலை விட்டு எழுந்து கணினிக்குப் பக்கத்தில் நின்றார். முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுபோய், பிறகு தள்ளிப் பார்த்தார்.

“மாஸ்டர், இந்த வானம் என்ன நிறம்?”

‘ஊதா மாமா, நான் செய்த வேலை பிழைத்துப்போச்சு’ என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? ஆனால் முந்தின நாள்தான் காலநிலை எல்லாம் நான்தான் என்று சொல்லியிருந்தேன்.

“நீலம்தான் மாமா,” என்றேன்.

“மழ வெளியிலதானே பெய்யுது?”

“ஓம் மாமா. வெளியிலதான்.”

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் கதிரையில் இருந்து, மூன்று மொட்டுகளில் எது முன்னுக்கு ஏற வேண்டும், எது பின்னுக்கு ஏற வேண்டும் என்று வரிசையை மாற்றத் தொடங்கினேன். மனிதனுக்கு மனம் என்று ஒன்று இருந்தால் அப்போது அது எங்கே போயிருந்தது என்று மனைவி பிறகு கேட்டாள். வரிசையில் போயிருந்தது.

அன்று மத்தியானம் மாமா சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார். மருந்து விடும்போது வழக்கமாக “மெல்லமா மாஸ்டர்” என்பவர் அன்று கண்ணைத் திறந்தபடி மரம்போலக் கிடந்தார். அடுத்த நாள் தேத்தண்ணியும் வேண்டாம் என்றார். நான் திரையில் ஊதாவைக் கொஞ்சம் குறைத்து இளஞ்சிவப்பாக்கியிருந்தேன். அதை முன்னேற்றமாக எண்ணிக்கொண்டிருந்ததில் இதையெல்லாம் கவனிக்கவில்லை.

கவனித்தவள் மனைவி. நாலரைக்கு அலுவலகத்தால் வந்து, அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிக் கிடப்பதைக் கண்டதும் கைப்பையைக்கூட வைக்காமல் கட்டிலில் இருந்தாள்.

“என்னப்பா? நோகுதா?”

அவர் திரும்பாமலே சொன்னார். “புள்ள, கண் சரிவரல்ல.”

“ஆர் சொன்ன?”

“எனக்குத் தெரியும். மாஸ்டர் நீலம் எண்ட, எனக்கு ஊதாவாத் தெரியுது. மாஸ்டர் மழ வெளியில எண்ட, எனக்கு வீட்டுக்குள்ள பெய்யிற மாதிரித் தெரியுது. நெருப்புக்கு மேலயும் பெய்யுது.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். “டொக்டர்மாருக்குச் சொல்லாத. பாவம், நல்லாத்தான் செய்தவங்க. இனி எனக்குக் கடலும் இல்ல, ஒண்டும் இல்ல.”

மனைவி அழத் தொடங்கிவிட்டாள். நான் கதவோரம் நின்றேன். ஊதா என்ற சொல் காதில் விழுந்ததுமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கவில்லை என்று எழுதினால் நீங்கள் என்னைக் கொஞ்சம் மன்னிப்பீர்கள், ஆனால் அது உண்மையில்லை. வாய் திறப்பதற்குள் மனைவி ஆட்டோவுக்கு போன் எடுத்துவிட்டாள். எனக்கும் ஒரு யோசனை வந்தது. டொக்டர் பார்ப்பார், கண் நன்றாக இருக்கிறது என்பார், எல்லோரும் சந்தோசமாக வீட்டுக்கு வருவோம், என் பெயர் எங்கும் வராது. கோழைகளுக்கு இந்த மாதிரி நேரத்தில்தான் மூளை நன்றாக வேலை செய்யும்.

கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது மாமா கறுப்புக் கண்ணாடிக்குள் இருந்து வாவிப் பக்கம் திரும்பவே இல்லை.

கண் வார்டில் கடமையில் இருந்தவர் ஒரு இளம் பெண் டொக்டர். மாமாவின் நாடியை மெசினில் ஊன்ற வைத்து, கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். சுவரில் இருந்த அட்டையைக் காட்டினார். மாமா கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் சொன்னார்.

“ஐயா, கண் நல்லா இருக்கு. நான் பாத்ததுகளுக்குள்ள இது மிச்சம் நல்லா இருக்கு,” என்றார் டொக்டர்.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். மாமா விடவில்லை.

“இல்ல டொக்டர். வானம் ஊதாவாத் தெரியுது.”

டொக்டர் அவரை ஜன்னலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். “இப்ப இந்த வானம் என்ன நிறம்?”

“இது நீலம். அங்கால கொஞ்சம் மஞ்சள்.”

“மழை தெரியுதா?”

“இப்ப இல்ல.”

“அப்ப எங்க ஐயா மழையைக் கண்ட?”

“ஒரு கள்ளுக்கடைக்குள்ள.”

டொக்டர் மெல்ல மனைவியின் பக்கம் திரும்பினார். “ஐயா குடிக்கிறவரா?”

“ஐயோ, இல்ல டொக்டர்! அப்பா வீட்ட விட்டு வெளியிலயே போகல்ல!”

டொக்டரின் முகம் மாறியது. வயதானவர்களுக்கு ஒப்பரேஷனுக்குப் பிறகு சில நேரம் மூளை தடுமாறும் என்றார். இல்லாதது இருக்கிறதுபோலத் தெரியுமாம். இன்றைக்கே வார்டில் மறித்து வைத்து, தலையை ஒருக்கா ஸ்கேன் பண்ணிப் பார்ப்பது நல்லது என்று சொல்லிக்கொண்டே பேனையை எடுத்தார். மனைவி என் கையைப் பிடித்தாள்.

“டொக்டர்,” என்றேன். “அது என்னுடைய மொட்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். திரைச்சீலைக்கு அங்கால் இருந்த நேர்ஸும் எட்டிப் பார்த்தார். நான் சொன்னேன். வானம் உண்மையிலேயே ஊதாதான் என்றேன். மழை உண்மையிலேயே கடைக்குள்தான் பெய்தது என்றேன். மாமா கேட்டபோது வெட்கத்தில் பொய் சொன்னேன் என்றேன். விளையாட்டின் பெயரையும் சொன்னேன். நாற்பத்தைந்து வயதில், ஒரு ஆஸ்பத்திரியில் நின்று அந்தப் பெயரைச் சொல்வது எப்படி இருக்கும் என்று சொல்லி விளங்கப்படுத்த முடியாது.

டொக்டர் பேனையை மூடினார். ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். ஆனால் அவர் கேட்டது இதை.

“எத்தின வெதர் மொட் போட்ட நீங்க?”

“மூண்டு,” என்றேன்.

“மூண்டா?” மனைவிகூட என்னை அவ்வளவு இளக்காரமாகப் பார்த்ததில்லை. “ஒண்டுக்கு மேல போடக்கூடாதெண்டு முதல் வரியிலயே இருக்குமே. வாசிக்கல்லையா சேர்?”

“வாசிச்ச நான்.”

“வாசிச்சுமா?” கிளினிக் கொப்பியைத் திருப்பி மனைவியிடம் கொடுத்துக்கொண்டே, மருந்து எழுதிக்கொடுக்கிற அதே குரலில் சொன்னார். “எல்லாத்தையும் கழட்டுங்க. வெதர் ஒண்டு, லைட்டிங் ஒண்டு. அந்த ரெண்டும் ஒத்துப்போறதுக்கு பெச் ஒண்டு இருக்கும், அதையும் போடுங்க. ஒவ்வொண்டாப் போட்டுப் போட்டுப் பாக்கணும். ஐயாவுக்குச் சொட்டு மருந்து பழைய மாதிரியே நாலு தரம்.”

திரும்பவும் ஆட்டோவில் ஏறினோம். பாலத்தின் நடுவில் மாமா கேட்டார்.

“அப்ப வானம் ஊதாதான்?”

“ஓம் மாமா.”

“என்ட கண் சரி.”

“ஓம் மாமா.”

“உங்கட வேலதான் பிழ.”

“ஓம் மாமா.”

அவர் சிரிக்கத் தொடங்கினார். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க. கண் நோகப்போகிறது என்று மனைவி அதட்டும் வரைக்கும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றி, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வாவியைப் பார்த்தார். அவருடைய முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒன்றரை நாள் அந்த மனுசன் தனக்கு இனிக் கடல் இல்லை என்று படுத்துக் கிடந்திருக்கிறார். நான் பக்கத்திலேயே இருந்து இடி சத்தத்தைக் கூட்டிக் குறைத்திருக்கிறேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அவரிடம் போய், “மாமா, நான் செய்தது சரியான பிழை, மன்னிச்சுக்கொள்ளுங்க,” என்றேன். “நாளைக்கு அதக் கழட்டக்குள்ள எனக்கும் காட்டுங்க,” என்றார். மனைவி அவ்வளவு லேசில் விடவில்லை. நாலு நாளைக்கு என்னோடு அவள் பேசியது மருந்து நேரத்தை மட்டும்தான்.

அடுத்த நாள் காலை மாமா சாய்மனைக் கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஐந்தையும் கழற்றினோம். பிறகு ஒவ்வொன்றாகப் போட்டு, விளையாட்டைத் திறந்து, பார்த்து, மூடினோம். ஒவ்வொரு தடவையும் திறக்கக் கனநேரம் எடுத்தது. அந்த நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் கதைத்தோம். அவருக்குத் தண்ணீரைவிட இடிக்குத்தான் பயம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதனால் என் ஆசை மொட்டான இடி மொட்டை அவர் ஒரேயடியாக மறுத்துவிட்டார். நான் வாதாடினேன். பருவக்காற்றின் தொடக்கத்தில் இடி இல்லாமல் எப்படி என்று புத்தகத்தில் இருந்ததையெல்லாம் எடுத்து விட்டேன்.

“மாஸ்டர், உங்கட நாடுதானே? இடி இல்லாம ஒரு நாட்டச் செய்ய ஏலாதா?”

இடி போனது.

வெளிச்சத்தைத் தெரிவு செய்வதுதான் கடினமாக இருந்தது. எனக்கு எல்லாம் ஒரே மாதிரித் தெரிந்தன. மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளங்கையால் வலக்கண்ணை மறைத்து ஒரு தரம் பார்ப்பார், இடக்கண்ணை மறைத்து இன்னொரு தரம் பார்ப்பார். இடக்கண் இன்னும் வெள்ளை எடுக்காத கண்.

“இந்தக் கண்ணால பாத்தா எல்லாம் மஞ்சள். எத்தின வருசமா எனக்கு விடியக்காலையும் பின்னேரம்தான், மத்தியானமும் பின்னேரம்தான். அதுதான் வெளிச்சம் எண்டு நினைச்சிரிக்கன்.” கையை மாற்றினார். “இந்தக் கண்ணால பாருங்க, வெள்ளையா அடிக்குது. கூசுது. ஆனா மரமெல்லாம் இலை இலையாத் தெரியுது.”

அவருடைய இடக்கண் ஒரு மொட்டை விரும்பியது, வலக்கண் இன்னொன்றை. கடைசியில் வலக்கண் சொன்னதையே எடுத்தோம். “மற்றதும் இனி இப்படித்தானே வரப்போகுது,” என்றார். காலநிலை மொட்டுக்கும் வெளிச்ச மொட்டுக்கும் இடையில் டொக்டர் சொன்ன பெச்சும் கிடைத்தது. யாரோ ஒரு புண்ணியவான் செய்து போட்டிருந்தார். சைக்கிள் டியூப்புக்குப் போடுகிற பெச் அளவுதான் வேலை, ஆனால் அது இல்லாவிட்டால் இரண்டும் ஒத்துப்போகாது.

அன்றைக்கு முதல் தடவையாக அந்த நாட்டில் மழை காற்றோடு சரிந்து, கூரைக்கு வெளியே பெய்தது. நான் பெருமையோடு மாமாவைப் பார்த்தேன். அவர் மழையைப் பார்க்கவே இல்லை.

“அந்த ஆத்துக்குள்ள ஏதோ துள்ளின மாதிரி இரிக்கி. கிட்டப் போங்க.”

போனேன். மீன்தான். சிவப்புச் செதிளோடு பெரிய மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துத் துள்ளிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு எங்கள் வேலை அந்த ஆற்றோரத்தில் நிற்பதுதான். வலை எங்கே, தோணி எங்கே என்று கேட்டார். இந்த நாட்டில் வலை இல்லை மாமா என்றேன். இவ்வளவு மீனை வைத்துக்கொண்டு வலை இல்லாத ஆட்கள் என்ன ஆட்கள் என்று அவர் உண்மையிலேயே கோபப்பட்டார். யாராவது வலை மொட் செய்திருக்கிறார்களா என்று தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினேன். கிடைக்கவில்லை.

மூன்றாம் கிழமை கிளினிக்கில் காட்டி, எல்லாம் சரி என்று எழுதிய துண்டை வாங்கிக்கொண்டு, மாமா ஊருக்குப் போக வாகரை பஸ்ஸில் ஏறினார். ஏறுவதற்கு முன் மனைவியிடம் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று பிறகு கேட்டேன். “அந்த டொக்டரிட்டத்தான் மற்றக் கண்ணையும் செய்யணுமாம்,” என்றாள்.

பாடசாலை தொடங்கியது. முதல் சனிக்கிழமை, எல்லாம் பொருந்திவிட்டதே, இனியாவது விளையாடிப் பார்ப்போம் என்று நினைத்து உட்கார்ந்தேன். காட்டுப்பாதையில் என் ஆளை நடத்திக்கொண்டு போனேன். மேகம் கறுத்தது. தூரத்து மலையில் தொடங்கிய மழை மரங்களுக்கு மேலால் மெல்ல நடந்து வந்து என்மேல் விழுந்தது. ஈரமான கற்களில் வெளிச்சம் பட்டு மின்னியது. பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போது பற்றைக்குள் இருந்து ஒரு ஓநாய் வந்தது. வாளை உருவுவதற்கு எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியாது. விடுமுறை முழுவதிலும் அதைப் படிக்க நேரம் கிடைக்கவில்லை. இரண்டு கடியில் முடிந்துவிட்டது. என் ஆள் குப்புற விழுந்து கிடக்க, அவன் முதுகில் மழை அழகாகப் பெய்தது.

காய்ந்த உடுப்புகளை மடித்துக்கொண்டு பின்னால் வந்து நின்ற மனைவி கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள்.

“மழ நல்லா இரிக்கி,” என்றாள். “ஆளத்தான் மாத்தணும்.”